மஞ்சள் கடுதாசியும் நீலமலையும்

தமிழில் ஒருவர் கடனைத் தீர்க்க வகையற்றுப் போனதைச் சொல்வதற்குச் சொற்கள் பல உண்டு. நொடித்துவிட்டார் என்போம், திவாலானார் என்போம், ஐ.பி. போட்டுவிட்டார் என்போம். எல்லாவற்றையும்விட ஊர்வாயில் அதிகம் புழங்குவது 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பதே. நிறம் எப்படி வந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவிலும் மஞ்சள் இல்லை. ஐ.பி. என்பது 'இன்சால்வென்சி பெட்டிஷன்' என்ற இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ஆங்கிலம் அறியாத கடைக்காரரும் விவசாயியும் அந்த இரண்டு எழுத்துகளை மட்டும் நன்றாக அறிந்திருப்பதே, இச்சட்டம் நம் வாழ்வில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்குச் சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நாங்கள் சிலர் கோத்தகிரிப் பக்கம் ஒரு படகர் ஊரில் இரவு தங்க நேர்ந்தது. வீட்டுப் பெரியவர் ஒன்றரை ஏக்கர் தேயிலைக்குச் சொந்தக்காரர். எங்களில் ஒருவர் சட்டம் படித்தவர் என்று தெரிந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஐ.பி. போட்டால் வீடு போய்விடுமா தம்பி? பையன் தலையில் கடன் ஏறுமா? ஜெயிலில் வைப்பார்களா?" மூன்று கேள்விகளுக்கும் அன்றிரவு நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. பிறகு தேடிப் படித்தபோது, அந்த மூன்று கேள்விகளுக்கும் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. அதில் ஒரு பகுதி அந்த மலையிலேயே நடந்தது. இக்கட்டுரை அந்தப் பெரியவருக்கு நாங்கள் பட்ட கடன்.

*

கடன்பட்டவனைச் சிறையில் அடைப்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். 1824ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை மார்ஷல்சீ சிறையில் அடைபட்டது கடனுக்காகத்தான். 'லிட்டில் டாரிட்' நாவலின் பெரும்பகுதி அச்சிறைச் சுவர்களுக்குள் நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். கடனுக்காகச் சிறை வைப்பதை 1869ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் பெருமளவு ஒழித்தது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் அந்தச் சிறையையும் கொண்டுவந்தனர். அதிலிருந்து வெளியேறும் வழியையும் கொண்டுவந்தனர். ஆனால் வழி எல்லோருக்கும் திறக்கப்படவில்லை. 1828, 1848 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட நொடிப்புச் சட்டங்கள் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கு மட்டுமே உரியவை. கறுப்பர் நகரத்து வணிகருக்கு நீதிமன்றத்தின் நிழல் கிடைத்தது. கோயமுத்தூர்க்காரருக்கோ நீலகிரிக்காரருக்கோ அது கிடைக்கவில்லை.

நீலகிரி 1868இல் தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. தேவாலா, பந்தலூரை உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபாரிலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. அக்காலத்தில் மலைமீது பணம் என்றால் காப்பிதான். துரைமார்கள் காடழித்துக் காப்பி வைத்தார்கள்; அடுத்த வருட விளைச்சலைக் காட்டிக் கடற்கரை நகரத்து ஏஜென்சிகளிடம் இந்த வருடமே கடன் வாங்கினார்கள். செடி காய்க்க மூன்று நான்கு வருடங்களாகும். அதுவரை எல்லாச் செலவும் கடனே. தண்டு துளைப்பான் ஒருபுறமும், 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் மறுபுறமும் வந்து தாக்கியபோது, செடியோடு சேர்ந்து புரோநோட்டுகளும் கருகின. இலங்கையில் இந்தக் காப்பிச் சரிவின் அலை, கொழும்பு முதல் லண்டன் வரை கொடிகட்டிப் பறந்த ஓரியண்டல் வங்கியையே 1884 மே மாதத்தில் கதவடைக்க வைத்தது.

காப்பியில் நொந்தவர்களின் காதில் அப்போது விழுந்த சொல் தங்கம். வயநாட்டு ஆற்று மணலில் பணியரும் குறும்பரும் பழங்காலந்தொட்டு பொன் அரித்து வந்தார்கள் என்பதை வைத்து, பாறைக்குள் பெரும் புதையல் இருப்பதாக நம்பினார்கள். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் அனுபவம் பெற்ற பிரப் ஸ்மித் என்பவரை அழைத்து அரசு ஆராய வைத்தது. அவரது அறிக்கை 1880இல் வந்தது. 1879 கடைசிக்கும் 1881 கடைசிக்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில், நாற்பதுக்கும் குறையாத கம்பெனிகள் ஐம்பது லட்சம் பவுனை ஒட்டிய மூலதனத்துடன் லண்டனில் தொடங்கப்பட்டன. வாடிய காப்பித் தோட்டங்கள் தங்க வயல் என்ற பெயரில் கைமாறின. பந்தலூர் திடீரென ஒரு பட்டணமாயிற்று. எந்திரங்கள் வந்திறங்கிப் பாறையை அரைத்தபோது கிடைத்த பொன், அரைத்த கூலிக்குக் காணவில்லை. வந்த வேகத்திலேயே கம்பெனிகள் மறைந்தன.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தங்கக் கம்பெனிகள் வரையறுத்த பொறுப்புடையவை. பங்கு வாங்கியவர் பங்குப் பணத்தை இழந்தார், அவரது வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. அதே மலையில் சொந்தப் பெயரில் கடன் வாங்கிக் காப்பி வைத்தவருக்கு அந்தக் கவசம் இல்லை. அவர் வேறு, அவரது தோட்டம் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. கம்பெனி சாகலாம், மனிதர் சாகாமல் கடனோடு வாழ வேண்டும். தனிமனித நொடிப்புச் சட்டம் என்று ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

*

அதே தோட்டத்தில் வேறொரு கடனும் இருந்தது. சமவெளியிலிருந்து மேஸ்திரியோ கங்காணியோ கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறிய கூலியாளின் கடன் அது. துரையின் கடன் சிவில் வழக்கு. கூலியின் கடன் குற்றவியல் வழக்கு. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட்டு பணத்தைத் திருப்பச் சொல்லலாம், அல்லது வேலையைச் செய்யச் சொல்லலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். தோட்டத் தொழிலாளரைக் கருதிச் சென்னை மாகாணம் 1903இல் தனிச் சட்டமும் செய்தது. லட்ச ரூபாய்க்கு நொடித்த துரைக்கு, கையில் இருப்பதை ஒப்படைத்துவிட்டு விடுதலை பெற ஒரு வழியை நாகரிக உலகம் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பத்து இருபது ரூபாய் முன்பணத்துக்காக மலையிலிருந்து இறங்கி ஓடியவரைப் பிடித்துவரப் போலீஸ் போனது. அந்த 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1926 ஏப்ரலில்தான் முடிவுக்கு வந்தது. முன்பணத்தின் பேரில் மனிதரைக் கட்டிவைப்பதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது 1976இல். நீலகிரியின் கடன் வரலாற்றைத் துரைமாரின் நஷ்டக் கணக்காக மட்டும் எழுதினால் பாதியை விட்டவர்களாவோம்.

*

மாகாணத் தலைநகருக்கு வெளியே, 1882ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் இருபதாவது அத்தியாயம் ஒரு சிறு வாசலைத் திறந்திருந்தது. கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியாகியிருக்க வேண்டும். அதன்பிறகே கடன்காரர் நொடிப்பு மனு கொடுக்கலாம். தண்ணீர் கழுத்துக்கு வந்தபின் நீச்சல் கற்றுத்தருவதைப் போன்ற ஏற்பாடு அது.

பெரிய அதிர்ச்சி சென்னையில் வந்தது. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. ஓய்வூதியக்காரர், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள் என ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதில் இருந்தது. லண்டன் கிளையின் பங்காளி மக்ஃபேடியன் ரயில் முன் பாய்ந்து உயிர்விட்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது குற்றம் நிறுவப்பட்டுப் பதினெட்டு மாதம் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்த கதை பலரும் அறிந்தது. அந்த ஆண்டுகளிலேயே நொடிப்புச் சட்டங்களும் புதுப்பிக்கப்பட்டன. மாகாணங்களுக்கு 1907இல் ஒரு சட்டம், சென்னை முதலான மூன்று நகரங்களுக்கு 1909இல் ஒரு சட்டம், பின்னர் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி எழுதிய மாகாண நொடிப்புச் சட்டம், 1920. உதகையில் ஒருவர் ஐ.பி. போடுகிறார் என்றால், அவர் கையில் இருப்பது இந்தக் கடைசிச் சட்டம்தான்.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு இவ்விரு பழைய சட்டங்களையும் நீக்குவதாக எழுதிவைத்தது. ஆனால் அதன் தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே உயிர்பெற்றது. தேயிலைத் தொழிற்சாலைக் கம்பெனியின் கடனுக்குக் கையெழுத்திட்ட இயக்குநர் புதிய சட்டத்தின் கீழ் வருவார். அந்தத் தொழிற்சாலைக்கு இலை போட்ட விவசாயி 1920ஆம் ஆண்டிலேயே இருப்பார்.

*

இனி பெரியவரின் கேள்விகளுக்கு வருவோம். அவற்றோடு, அவர் கேட்காமல் விட்ட சிலவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.

யார் மனு கொடுக்கலாம்? கடனைத் தீர்க்க இயலாதவராக இருந்து, கடன் ஐந்நூறு ரூபாயைத் தொட்டால் போதும். 1920இல் அது ஒரு குடும்பத்தின் பெருந்தொகை. இன்று அந்த வரம்பு இருந்தும் இல்லாததே. கடன் கொடுத்தவரும் மனுப் போடலாம். அதற்கு, கடன்பட்டவர் 'நொடிப்புச் செயல்' ஒன்றைச் செய்து மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். சட்டம் தரும் அச்செயல்களின் பட்டியலில் ஒன்று நம்மை நிறுத்திவைக்கிறது: கடன்காரர்களைத் தவிர்க்கும் எண்ணத்தோடு வீட்டை விட்டுப் போய்விடுதல். ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலிசெய்வது தப்பிக்கும் வழி என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அதுவே நொடித்ததற்கான ஒப்புதல்.

மனுப் போட்டதுமே கடன்காரர்கள் விலகிவிடுவார்களா? இல்லை. ஊரில் பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை இது. நீதிமன்றம் விசாரித்து, ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்த பிறகே, அனுமதியின்றி அவர் மீது புதிய வழக்குத் தொடர முடியாமல் போகிறது. அதற்கிடையே கைது முதலியவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியே கேட்டுப் பெற வேண்டும். மனுவில் எல்லாக் கடன்காரர்களின் பெயரும் தொகையும், எல்லாச் சொத்துகளின் விவரமும் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் சொத்து நீதிமன்றத்தின் வசமோ, ரிசீவர் என்னும் பொறுப்பாளர் வசமோ போய்ச்சேரும். அவர் விற்றுப் பங்கிடுவார்.

வீடு போய்விடுமா? சிவில் நடைமுறைச் சட்டத்தின் அறுபதாம் பிரிவு எவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்கிறதோ, அவை ரிசீவர் கைக்கும் போகா. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர்க்கருவியும் தேவையான மாடும் விதையும், சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை (நம் ஊரில் தாலி) ஆகியன அதில் அடங்கும். தன் கையால் பயிரிட்டு முக்கியமாக அதிலேயே பிழைக்கும் விவசாயியும் கூலியாளும் குடியிருக்கும் வீடும் அப்படியே. ஆகவே பெரியவரின் வீடு தப்பலாம். தேயிலை நிலம் தப்பாது. அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால் கதை வேறு. அடமானம் பெற்றவரின் உரிமையை நொடிப்பு தொடுவதில்லை. அவர் தன் பிடிமானத்தின் மூலம் வசூலித்துக்கொள்ளலாம். பத்திரத்தை வங்கியில் வைத்தவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

மனைவி பேரில் எழுதிவைத்துவிடலாமா? அறிவிப்புக்கு இட்டுச்சென்ற மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள், தக்க விலையின்றி எழுதிக்கொடுத்த சொத்தை ரிசீவர் செல்லாததாக்க வைக்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததும் அவ்வாறே. மைத்துனர் கடனை மட்டும் ஓசைப்படாமல் அடைப்பது நம் குடும்ப வழக்கம். சட்டம் அதைப் பிற கடன்காரர்களுக்குச் செய்த வஞ்சகமாகக் கருதுகிறது. சொத்தை மறைத்தாலோ கணக்குப் புத்தகத்தைக் கெடுத்தாலோ ஓராண்டு வரை சிறை உண்டு.

பையன் தலையில் ஏறுமா? பழைய இந்து சட்டத்தில் தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை. தந்தை சூதிலும் தீய வழியிலும் பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அதற்குப் பின் ஏற்படும் கடன்களுக்கு இந்தப் புனிதக் கடமை நீக்கப்பட்டது. பெண்ணுக்குச் சம உரிமை தந்த திருத்தமாகவே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். மகனைத் தந்தையின் கடனிலிருந்து விடுவித்ததும் அதுவே. வாரிசுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் கடன் அவரைத் தொடும். ஆனால் மகன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவருடைய சொந்தக் கடன். தந்தை விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுவதில்லை. ஒருவர் கடனுக்கு ஊரே மாற்றி மாற்றிக் கையெழுத்திடும் மலைக் கிராமங்களில் ஒரு வீட்டின் நொடிப்பு அடுத்த வீட்டுக்குத் தாவுவது இந்த வாசல் வழியாகத்தான்.

ஜெயிலில் வைப்பார்களா? பணத் தீர்ப்பை நிறைவேற்றக் கைதுசெய்வது இன்றும் சட்டத்தில் உண்டு. பெண்களை அவ்வாறு கைதுசெய்ய முடியாது. 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு கேரளத்து வழக்கில், கொடுக்க முடியாமை குற்றமல்ல என்றும், கொடுக்க வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுப்பவருக்கே சிறை என்றும் தெளிவாக்கினார். வறுமையே குற்றமாகிவிடக்கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கடைசியாக, கடன் முழுதும் தீர்ந்துவிடுமா? நொடித்தவராக அறிவிக்கப்படுவது வேறு, விடுவிக்கப்படுவது வேறு. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும். தவறினால் அறிவிப்பே ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்ப நேரும். சொத்தை விற்று ரூபாய்க்கு எட்டணாவாவது கொடுக்க முடியாமற்போனால், அது தன் தவறல்ல என்று காட்ட வேண்டும். இல்லையேல் முழு விடுவிப்பு கிடைக்காது. அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் பட்ட கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பின்னும் நிற்கும். விடுவிப்புப் பெறாதவர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக முடியாது.

இந்தச் சட்டத்தில் எங்களை உறுத்திய வரி ஒன்று உண்டு. சொத்தைப் பங்கிடும்போது அரசு பாக்கியோடு சேர்த்து, மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கான கூலியையும் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விதிதான். ஆனால் உச்சவரம்பு இருபது ரூபாய். 1920இல் ஒரு தோட்டக் கூலிக்கு அது கணிசமான தொகையாக இருந்திருக்கும். எழுதியவர்கள் அதை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிட்டார்கள்.

*

நொடிப்புச் சட்டம் ஒருவரைத் தனியாக எடுத்துப் பார்க்கிறது. ஊரே சேர்ந்து நொடிக்கும்போது அதனால் பயனில்லை. 1930களின் விலைச்சரிவில் மாகாண விவசாயிகள் எல்லோரும் ஒருசேர மூழ்கியபோது, ராஜாஜியின் அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. வாங்கிய முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர நெறியின் நிழல் அதில் உண்டு. அச்சட்டம் நொடித்தவரைத் தனியே நிறுத்தி அறிவிக்கவில்லை. எவரையும் அவமானப்படுத்தாமல் கடனைக் குறைத்தது.

நீலகிரியின் சிறு விவசாயிகளுக்கு அத்தகைய காலம் 1990களின் இறுதியில் வந்தது. உருளைக்கிழங்கையும் கோசையும் விட்டுத் தேயிலைக்கு மாறியவர்களின் பெரிய வாடிக்கையாளராக இருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. தசாப்தத்தின் முடிவில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. பறித்த இலையை அன்றே தொழிற்சாலையில் சேர்க்காவிட்டால் குப்பை. எனவே விலை பிடிக்கும்வரை காத்திருக்க விவசாயியால் இயலாது. 1962இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இந்தப் பலவீனத்துக்கு மருந்தாகப் பிறந்தவை. மருந்து போதவில்லை என்பதை, 2023 செப்டம்பரிலும் கிலோவுக்கு ரூ.33.50 கேட்டு விவசாயிகள் உண்ணாநிலை இருந்தது காட்டியது. வங்கியில் கதவு மூடினால் தண்டல்காரர் கதவு திறக்கும். நாள்வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. கடன் வாங்கியவருக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிந்தாலும் நாளைக்கு மறுபடி அவரிடம்தானே போக வேண்டும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்.

இதையெல்லாம் தொகுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை அந்த ஊருக்குப் போனோம். பெரியவர் ஐ.பி. போடவில்லை. அரை ஏக்கரை விற்று அடைத்திருந்தார். வீடு தப்பியிருக்கும் என்றும், பையனைத் தொட்டிருக்க முடியாது என்றும், சிறை என்பது வெறும் மிரட்டல் என்றும் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "தெரிந்திருந்தால் நிலத்தை விற்றிருக்க மாட்டேனா என்றால், விற்றுத்தான் இருப்பேன் தம்பி. ஆனால் அவசரமாக, அவன் சொன்ன விலைக்கு விற்றிருக்க மாட்டேன். ஆறு மாதம் தூங்கியாவது இருப்பேன்" என்றார்.

அந்த ஆறு மாதத் தூக்கத்துக்காகவே இதை எழுதினோம்.